பாலத்தில் நிற்கும் எடை

யானை பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

சோதனைக்கூடத்தின் டெக்னீஷியன் வந்தால் தெரியாமல் போக வழியே கிடையாது. நூறு கிலோவைத் தாண்டிய உடம்பு. அவர் படியேறும்போதே மேசைமேல் கவிழ்த்து வைத்த கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும், சுவரில் மாட்டிய ஸ்பேனர்கள் தாளம் போடும், நுண்ணோக்கியில் கண் வைத்திருக்கும் மாணவர்கள் "யானை வருது, கொஞ்சம் பொறு" என்று கையை எடுத்துவிடுவார்கள். அந்தப் பட்டப்பெயர் அவருக்கே பிடித்துப்போய், போனில்கூட "யானை பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். அப்படிப்பட்டவர் ஒரு சத்தமும் இல்லாமல் தோளுக்குப் பின்னால் நின்று "மேடம், டீ" என்றதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எப்பண்ணே வந்தீங்க? பூனை மாதிரி நிக்கிறீங்க."

"இப்பதான் மேடம்."

டீயை வைத்துவிட்டு, வந்த மாதிரியே போனார். அவள் மறுபடி திரைக்குத் திரும்பினாள். மழைக்கு முந்தைய புழுக்கம் அறைக்குள் தேங்கியிருந்தது. இன்னும் முழுதாக இறுகாத ரெசின் பசையின் புளிப்பு வாடை, எங்கோ ஒரு மின்விசிறி தேய்ந்த பேரிங்கோடு முனகும் சத்தம், ஜன்னலுக்கு வெளியே பகலிலேயே இருண்டுவிட்ட வானம். திரையில் பாலம் நீளமாக, நீலமாகக் கிடந்தது. அதன் நட்டநடுவில் ஒரு சிவப்புப் பொட்டு.

அந்தப் பாலம் அவளும் அவள் கணவனும் சேர்ந்து பெற்ற இரண்டாவது பிள்ளை என்று துறையில் கேலி பேசுவார்கள். கட்டடத்தின் இரண்டு பகுதிகளையும் மூன்றாவது மாடியில் இணைக்கும் நடைபாலம் அது. தரைப்பலகை முழுக்கக் கார்பன் இழை. அடுக்கடுக்காக ஒட்டிய அந்த இழைகளுக்கு நடுவே, உடம்புக்குள் நரம்பு ஓடுகிற மாதிரி, முடியளவு கண்ணாடி இழைகளை அவள் ஓடவிட்டிருந்தாள். மேலே கால் பட்டால் பலகை இம்மியளவு வளையும், அந்த வளைவில் கண்ணாடி இழைக்குள் ஓடும் ஒளி மாறும், திரையில் கால் பட்ட இடம் சிவந்து பூக்கும். பக்கத்தில் எடை. எங்கே விரிசல் விழப்போகிறது என்பதைப் பாலமே முன்கூட்டிச் சொல்லிவிடும். கணக்கு கணவனுடையது. கை அவளுடையது. திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் தங்கள் கால்தடத்தைத் தாங்களே பார்த்து வியக்கட்டும் என்று பாலத்தின் இரண்டு வாசல்களுக்கு மேலும் பெரிய திரைகளை மாட்டியிருந்தார்கள்.

விழா நெருங்கிவிட்டது. பாலத்தில் இன்னும் யாரும் நடக்கவில்லை. கீழே கூடத்தில் வைத்து இயந்திரத்தால் அழுத்திப் பார்த்து, கிரேனால் தூக்கிப் பொருத்திய பலகை அது. மேலே ஒட்டியிருந்த பாதுகாப்புத் தாளை உரிப்பதற்காக நேற்று மாலை யானை மட்டும் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போயிருந்தார்.

ஏதாவது கருவிப்பையை விட்டுவிட்டு வந்திருப்பார். அவள் எழுந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். கறுப்புப் பலகை துடைத்துவைத்த சிலேட்டு மாதிரி வெறுமையாக மினுங்கியது. ஒன்றுமில்லை. திரும்பி வந்தாள். பொட்டு இருந்தது. ஒன்றல்ல, உற்றுப் பார்த்தால் இரண்டு. பக்கம் பக்கமாக, சற்றே விரிந்து.

இரண்டு பாதங்கள்.

பக்கத்தில் இருந்த எண்ணை அவள் இரண்டு முறை படித்தாள். நூறைத் தாண்டியிருந்தது.

கணவன் எதிர்ப் பகுதியில் இருந்தான். திடப்பொருள்களின் இயக்கவியல் அவன் துறை. மாணவர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'சமன்பாடு'. எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு சமன்பாடு வைத்திருப்பான். போனில் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவன் சிரித்தான்.

"புது ரெசின்தானே? முழுசா இறுகலை. முதல் தடவை ஒரு கனமான ஆள் நடந்தா அந்த அழுத்தம் கொஞ்ச நேரம் உள்ளேயே நிக்கும். பொருளுக்கும் ஞாபகம் உண்டும்மா."

"ஒரு ராத்திரி முழுக்கவா நிக்கும்?"

"யானை மிதிச்சா நிக்கும். பூஜ்யத்துல வச்சுட்டு மறுபடி பாரு."

பூஜ்யத்தில் வைத்தாள். சிவப்பு அணைந்தது. நாற்காலியில் சாய்ந்து ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்தாள். குடித்துவிட்டு நிமிர்ந்தபோது நீலத்துக்குள்ளிருந்து ஏதோ மெல்ல மேலே வருகிற மாதிரி முதலில் ஊதாவாக, பிறகு பழுப்பாக, பிறகு சிவப்பாக இரண்டு பாதங்களும் அதே இடத்தில் வந்து நின்றன.

"வேதாளம் மறுபடியும் மரம் ஏறிடுச்சு," என்று கணவனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாள். வேடிக்கையாகத்தான் எழுதினாள். அனுப்பிய பிறகு நாற்காலியைத் திரையிலிருந்து சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அன்றிரவு வீட்டில் எதிலும் மனம் ஒட்டவில்லை. மகள் சோபாவிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து சோபாவுக்கும் குதித்துக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டுக்காரர் ஏதாவது சொல்லுவார் என்று தினமும் அதட்டுகிறவள், அன்றைக்கு அந்தத் தொம் தொம் சத்தத்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். சமையலறையில் பாத்திரம் கழுவும் கணவனின் நடையையும் கேட்டாள். எப்போதோ பந்து விளையாடும்போது பிசகிய வலது முழங்கால். ஒரு அடி பதிந்து, மறு அடி லேசாக இழுபடும். தம், ஸ்ஸ். தம், ஸ்ஸ். இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை அவள் காது கொடுத்துக் கேட்டதே இல்லை.

"என்ன அப்படிப் பார்க்கிற?" என்றான்.

"ஒண்ணுமில்ல."

"அந்தப் பொட்டா? விடு. நாளைக்கு நானே வந்து நடந்து காட்டுறேன். மேல ஒரு எடை விழுந்தா உள்ள மாட்டியிருக்கிறது தானா விடுபட்டுடும்."

அவளுக்கும் அது சரியென்றுதான் பட்டது.

மறுநாள் விடுமுறை. துறையில் ஆள் நடமாட்டம் இல்லை. மகளைத் தனியாக விட முடியாமல் கணவன் தன் அறைக்கு அழைத்துப் போயிருந்தான். கரும்பலகையில் படம் வரையச் சொல்லி விட்டிருப்பான். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் யாரோ விடாமல் அரிசி கொட்டுகிற மாதிரி ஒரே இரைச்சல். அவள் விளக்குகளைப் போட்டுவிட்டுத் திரையின் முன் உட்கார்ந்தாள்.

பாதங்கள் நடுவில் இல்லை.

இந்த முனையில், கதவுக்கு நேரே இருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது பாதம் அணைந்து, திரும்பிய வாக்கில் பூத்தது. பிறகு வலது. பிறகு இடது. கனமான, அகலமான, அவசரமில்லாத அடிகள். பாலத்தின் அந்த முனை வரை போயின. பலகை முடிந்து சிமெண்டுத் தரை தொடங்கும் இடத்தில் நின்றன. வெகுநேரம் நின்றன. பிறகு திரும்பின. இந்த முனைக்கு வந்தன. நின்றன. திரும்பின.

அவள் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். காலிப் பாலம். கண்ணாடிச் சுவரில் வழியும் மழை. கறுப்புப் பலகை.

கூண்டுக்குள் விட்ட மிருகம் இப்படித்தான் நடக்கும் என்று தோன்றியது. தோன்றியதும் அந்த எண்ணத்தைத் தள்ளினாள். சென்சார் கோளாறு. ஈரப்பதம். மின்னழுத்தம். வாய்க்கு வந்த காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே, கணினியில் பழைய பதிவுகளைத் திறந்தாள். பாலம் கட்டுமுன் ஒரு சின்ன மாதிரிப் பலகையில் துறையில் உள்ள எல்லோரையும் நடக்கவிட்டுப் பதிந்து வைத்திருந்தார்கள். கையெழுத்து மாதிரி நடையும் ஆளுக்கு ஆள் மாறும். பாலத்தில் இப்போது நடக்கும் நடையை அந்தப் பதிவுகளோடு ஒப்பிடச் சொன்னாள்.

கணினி அதிக நேரம் யோசிக்கவில்லை. ஒரே ஒரு பெயரைக் காட்டியது.

யானை.

மழைச் சத்தத்துக்கு நடுவே அவள் கூர்ந்து கேட்டாள். குவளைகள் உரசவில்லை. ஸ்பேனர்கள் அசையவில்லை. இருந்தும் கழுத்துக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்தது.

"இன்னும் நீங்க நடக்கலையே மேடம்," என்றார் யானை.

வாசலில் நின்றிருந்தார். அதே சிரிப்பு. அதே வெளிறிய நீலச் சட்டை, இடுப்பில் அதே சாவிக்கொத்து. உள்ளே வந்தார். கதவோரம் தரையில் காகிதத் தேன்கூட்டு அட்டை ஒன்று விரித்துக் கிடந்தது. இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்து ஒட்டுகிற, கனமே இல்லாத அட்டை. மூடாத நிலையில் விரல் பட்டாலே அந்த அறைகள் நசுங்கிப்போகும். மிதித்துவிடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் எச்சரிக்கிறவர் யானைதான்.

அவர் அதன்மேல் நடந்து வந்தார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அட்டையைத்தான் பார்த்தாள். ஒரு அறைகூட நசுங்கவில்லை. ஈரச் செருப்பின் தடம்கூட இல்லை.

"அண்ணே," என்றாள். "முந்தாநாள் சாயந்திரம் தாளை உரிக்கப் போனீங்களே. நடுவுல ஏதாவது ஆச்சா?"

யானை யோசிப்பது மாதிரி தலையைச் சாய்த்தார்.

"ஒண்ணும் ஆகல மேடம். நல்லா லேசா இருந்துச்சு."

பின்னால், திரையில், கனமான பாதங்கள் இந்த முனைக்கு வந்து நின்றன. நின்று, ஒரே இடத்தில் மாறி மாறி மிதிக்க ஆரம்பித்தன. பூட்டிய கதவைக் காலால் உதைக்கிற மாதிரி.

"நீங்களும் ஒரு தடவை நடந்துடுங்க. அப்புறம் ஒரு பாரமும் இருக்காது."

"நடக்கிறேன்ணே. இந்தப் பதிவை முடிச்சுட்டு நடக்கிறேன்."

"அவசரமில்ல." அவர் சிரித்தார். "நான் சாரைப் பார்த்துட்டு வர்றேன்."

போய்விட்டார். அவர் படியிறங்கும் சத்தம் கேட்கவில்லை. கீழே முற்றத்தைக் கடந்து எதிர்ப் பகுதிக்கு அவர் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முற்றம் முழுக்க மழைநீர் தேங்கிக் கிடந்தது, அவர் கால் வைத்த இடத்தில் தண்ணீர் சலனப்படவே இல்லை, மழைத்துளி விழும் வட்டங்கள் மட்டும் இருந்தன.

சாரைப் பார்த்துட்டு.

அவள் போனை எடுத்தாள். கணவனை அழைத்தாள். அவன் எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அழைக்கப்போனபோது அவனே அழைத்தான். மூச்சு வாங்கினான்.

"என்னாச்சு உனக்கு? மயங்கி விழுந்துட்டியாமே. யானை ஓடி வந்து சொன்னாரு. பயப்படாத, இதோ வந்துட்டேன்."

"எனக்கு ஒண்ணுமில்ல. பாலத்துல வராதீங்க. கேக்குதா? கீழ இறங்கி முற்றம் வழியா வாங்க."

"என்ன? மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"பாலத்துல கால் வைக்காதீங்க."

"வச்சாச்சும்மா. ரெண்டு நிமிஷம்."

போனைப் போட்டுவிட்டு ஓடினாள். கண்ணாடிக் கதவைத் திறந்து வாசலில் நின்றாள். அந்த முனையிலிருந்து அவன் வந்துகொண்டிருந்தான், வலது காலை இழுத்தபடி வேகவேகமாக. தம், ஸ்ஸ். தம், ஸ்ஸ். அவனுக்குப் பின்னால், எதிர் வாசலுக்கு மேலிருந்த திரையில், அவன் அடிகள் சிவந்து சிவந்து பூத்தன. கனமான பாதங்கள் அவனை நோக்கிப் போயின. அவனை மறித்து நின்றன.

"நில்லுங்க," என்று கத்தினாள்.

நடுவில் அவன் நின்றான். எதையோ மறந்து, இப்போதுதான் ஞாபகம் வந்தவன் மாதிரி ஒரு கணம் நின்றான். பிறகு நடந்தான்.

சத்தம் இல்லை.

கால்கள் வந்தன. சத்தம் வரவில்லை. திரையில் அவன் பாதங்கள் நடுவிலேயே நின்றன.

வாசலை அடைந்து அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். அவன் கண். அவன் பல். காதோரம் அவன் நரை.

"நல்லாத்தானே இருக்க," என்றான். "அதுக்குள்ள என்ன பயம்?"

திரையில் அவன் பாதங்கள் திரும்பின. ஓடின. ஒன்று பதிந்து ஒன்று இழுபட்டு, ஓட முடியாமல் ஓடி, இந்த முனைக்கு வந்தன. அவள் நிற்கும் வாசலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றன. மிதித்தன. மிதித்துக்கொண்டே இருந்தன. அவளுக்கு முன்னால் கறுப்புப் பலகை வெறுமையாக இருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. கை நீட்டத் தோன்றியது. எங்கே நீட்டுவது என்று தெரியவில்லை.

அப்போதுதான் எதிர் வாசலில் கதவு திறந்தது. யானை, விருந்தினருக்கு வழிவிடுகிற மாதிரி, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையை உள்ளே காட்டினார். அவர் இடுப்புக்குக் கீழிருந்து மகளின் தலை எட்டிப் பார்த்தது. விரலெல்லாம் சாக்பீஸ் தூள்.

"அங்கயே நில்லு," என்றாள் அவள். "உள்ள வராத. அம்மா சொல்றேன், அங்கயே நில்லு."

"வா கண்ணு," என்றான் அவள் பக்கத்தில் நின்றவன், வழக்கமாக அழைக்கும் அதே கொஞ்சலோடு. "ஓடி வா."

மகளுக்கு எப்போதும் அப்பா பேச்சுதான்.

ஓடி வந்தாள். தொம் தொம் தொம் என்று பாலம் அதிர்ந்தது. எதிர்த் திரையில் சின்னச் சின்னப் பூக்கள். இரண்டு பெரிய எடைகளும், கனமானதும் இழுபடுவதும், நடுவுக்கு விரைந்து குறுக்கே போய் நின்றன. தடுக்கத்தான் போயின என்று அவளுக்குத் தெரிந்தது. அவற்றால் தடுக்க முடியாது என்றும் தெரிந்தது.

அவள் பாலத்தில் கால் வைத்தாள். யோசிக்கவில்லை. ஓடினாள். பிள்ளை நடுவை எட்டுமுன் அந்தப் பக்கமே தள்ளிவிட்டால் போதும். அவ்வளவுதான். அவ்வளவு தூரம்தான்.

மகள் அவளைவிட வேகமாக ஓடினாள்.

தொம். தொம். தொம்.

பிறகு இல்லை.

சிரித்துக்கொண்டேதான் ஓடி வந்தாள். கால்கள் மாறி மாறி விழுந்தன. பின்னல் துள்ளியது. கைகளை விரித்து, எப்போதும் செய்கிற மாதிரி, எகிறிக் குதித்தாள். அவள் மகளை ஏந்திக்கொண்டாள். அதே தேங்காயெண்ணெய் வாசம். அதே பிசுபிசுத்த கன்னம். கழுத்தைச் சுற்றி இறுக்கிய அதே சின்னக் கைகள்.

"அம்மா," என்றது குரல், காதுக்குள். "நான் எவ்வளவு லேசா இருக்கேன் பாரேன்."

கைகளில் எதுவும் இல்லாத மாதிரி இருந்தது. மகளின் தோளுக்கு மேலாக அவள் எதிர்த் திரையைப் பார்த்தாள். அவள் நின்ற இடத்தில் இரண்டு பாதங்கள். பக்கத்தில் அவளுடைய எடை மட்டும்.

பாலத்தின் நடுவில், இரண்டு பெரிய எடைகளுக்கு இடையே, இரண்டு சின்னப் பாதங்கள் சுற்றிச் சுற்றி வந்தன. வழி தெரியாமல் இந்தப் பக்கம் திரும்பின. அந்தப் பக்கம் திரும்பின. பிறகு அவளைக் கண்டுகொண்டன. ஒவ்வொரு அடியாக நடந்து வந்து, அவள் கால்விரல்களோடு விரல்கள் தொடும்படி நின்று, குதிகால்களை மெல்ல மெல்ல உயர்த்தின, தூக்கிக்கொள்ளச் சொல்லி.